தலைவரின் பொங்கல் வாழ்த்து

விருத்தாசலம்,
12.6.2025

கோகுலகிருஷ்ணனுக்கு,

'அன்புள்ள' போடுவதா வேண்டாமா என்பதை உன் பதிலைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்.

பதினாறு முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழுகிறது, பதில் வரவில்லை. மெயில் அனுப்ப எனக்கு மனமில்லை. அந்த வார்த்தையைக் கேட்டாலே குமட்டுகிறது. உன் கல்யாணப் பத்திரிகையில் பெருங்களத்தூர் முகவரி இருந்தது. பதிவுத் தபால் என்றால் கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கியாக வேண்டும், அதனால் இந்த வழி.

நீயும் நானும் ஆறு வருடம் ஒன்றாக வேலை பார்த்த அதே பீங்கான் பரிசோதனைக் கூடத்தில், விசாரணை முடியும் வரை காலடி வைக்கக் கூடாது என்று எனக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். பதினேழு வருட வேலை. மார்ச் 4ஆம் தேதி கூடத்தின் மெயில் முகவரியிலிருந்து, என் பெயரில், வேப்பூர் பக்கம் சோலார் மின்பண்ணைக்கு லைன் இழுக்கும் ஒப்பந்தக்காரருக்கு ஒரு சான்றிதழ் போயிருக்கிறது. 640 இன்சுலேட்டர்களும் சாயச் சோதனையில் தேறிவிட்டன என்று. நான் அனுப்பவில்லை. அந்தச் சரக்கு நம் கூடத்து வாசலுக்கே வரவில்லை. பழைய சான்றிதழ் எதிலிருந்தோ என் கையெழுத்தை உரித்து ஒட்டியிருக்கிறான் எவனோ. சரக்கை விற்ற வெளியூர் வியாபாரியின் போன் அணைந்து கிடக்கிறது.

உனக்கு நான் சாயச் சோதனையைச் சொல்ல வேண்டியதில்லை. உடைத்த பீங்கானைச் சாயத்தில் அழுத்தி ஊற வைத்தால், நல்ல பீங்கானுக்குள் ஒரு சொட்டும் இறங்காது. என் நகத்தில் அந்த ரோஜா நிறம் போனதே இல்லை என்று நீயே கேலி செய்வாய். அந்த 640இல் ஒன்றைச் சாயத்தில் போட்டிருந்தாலும் நடு மையம் வரை ஊறியிருக்கும். மே மாதம் கோடை மழை பெய்த மறுநாள், நனைந்த இன்சுலேட்டரில் மின்சாரம் கசிந்து, கம்பத்தில் ஏறியிருந்த லைன்மேன் திலீபனைத் தூக்கி எறிந்தது. கருவேப்பிலங்குறிச்சிக்காரர், முப்பத்தொரு வயது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் வலது கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள்.

கூடத்தை நடத்தும் நம் பீங்கான் தொழில் கூட்டமைப்பின் தலைவர் பஞ்சநாதன் என்னைக் கூப்பிட்டு, "நம்ம மெயில்லேருந்து போயிருக்குது, உன் பேரு இருக்குது. பின்ன என்ன பூதமா அனுப்பிச்சுது?" என்றார். அனுப்பிய பெட்டியில் அப்படி ஒரு மெயிலே இல்லை என்றேன். "அனுப்பிச்சுட்டு அழிச்சுட்டே" என்றார்.

போன வாரம் திலீபனின் மனைவி வேம்பு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். உள்ளே கூட வராமல் நின்றுகொண்டு, "நல்லாருக்குதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? ஒரு தடவ பாத்துட்டு எழுதியிருக்கலாமில்லீங்க?" என்று கேட்டாள். நான் எழுதவில்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

கூடத்து மெயில் ஏற்பாட்டை அமைத்துக் கொடுத்தவன் நீ. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாம் அனுப்பாமல், நம் முகவரி போட்டு, மெயில் போக முடியுமா? முடியும் என்றால் அதை எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. விசாரணை ஜூலை 14.

அனுசியா


பெருங்களத்தூர், சென்னை,
20.6.2025

மதிப்பிற்குரிய அனுசியா அக்காவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. போன் எடுக்க முடியாததற்கு மன்னிக்கவும். வீட்டில் பிரபாவுக்கு வளைகாப்பு வேலைகள், ஆபீஸிலும் தொடர்ந்து மீட்டிங். தங்களுக்கு இப்படி ஒரு சோதனை வந்திருப்பது மிகவும் வருத்தமளிக்கிறது.

தாங்கள் கேட்டதற்குப் பொதுவாக ஒரு விளக்கம் தரலாம். இந்தக் கடிதத்தின் உறைக்குப் பின்னால் அனுப்புநர் என்று நான் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். கலெக்டர் என்று எழுதினாலும் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். மெயிலும் அப்படித்தான். அதைத் தடுக்க மூன்று ஏற்பாடுகள் உண்டு. எங்கள் பெயரில் அனுப்ப இன்ன சர்வருக்குத்தான் அனுமதி என்று ஒரு பட்டியல் போடுவது ஒன்று. போகும் ஒவ்வொரு மெயிலிலும் நகலெடுக்க முடியாத ஒரு முத்திரை குத்துவது இன்னொன்று. இவை இரண்டிலும் தேறாத மெயில் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று, வாங்குகிறவருக்கு முன்கூட்டியே உத்தரவு எழுதி வைப்பது மூன்றாவது. பல நிறுவனங்கள் இதைச் செய்வதில்லை. வருந்தத்தக்க நிலை.

நம் கூடத்தைப் பொறுத்தவரை, 2022 ஜூனில் நான் விலகும்போது எல்லாவற்றையும் சரியாக அமைத்துவிட்டுத்தான் வந்தேன். அதன் பிறகு யார் எதை மாற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது நான் வேலை பார்க்கும் கம்பெனி இதே பாதுகாப்பைத்தான் நிறுவனங்களுக்கு அமைத்துக் கொடுக்கிறது. ஆகவே வெளி விவகாரங்களில் எழுத்துப்பூர்வமாக எதுவும் தர விதி இடம் கொடுக்காது. தவறாக நினைக்க வேண்டாம்.

எங்கள் விளக்கப் பிரசுரம் ஒன்றை இணைத்திருக்கிறேன். விசாரணைக் குழுவிடம் காட்டலாம். தைரியமாக இருங்கள் அக்கா.

தங்கள் சகோதரன்,
கோகுலகிருஷ்ணன்


விருத்தாசலம்,
27.6.2025

கோகுலகிருஷ்ணனுக்கு,

தங்கள், தங்களுக்கு, தாங்கள். என்னிடம் டிபன் பாக்ஸைப் பிடுங்கித் தின்றவன் நீ. எப்போதிலிருந்து நான் உனக்குத் 'தாங்கள்' ஆனேன்?

உன் பிரசுரத்தை முழுதாகப் படித்தேன். பளபளவென்று நல்ல தாள். கடைசிப் பக்கத்தில் நீ டை கட்டிக்கொண்டு சிரிக்கிறாய். படத்துக்குக் கீழே, "விருத்தாசலத்தில் ஒரு தொழில் பரிசோதனைக் கூடத்தை முழுப் பாதுகாப்புக்குக் கொண்டு வந்த அனுபவசாலி" என்று இருக்கிறது. அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது கிழித்திருக்கக் கூடாதா? அந்த அளவுக்குக் கூட உனக்குக் கூச்சம் இல்லையா?

அதை எடுத்துக்கொண்டு பாலக்கரையில் இ-சேவை மையம் வைத்திருக்கும் தமிழினியிடம் போனேன். இந்த உத்தரவு என்பது ஊருக்கே தெரியும்படி வைப்பதுதான், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நம் கூடத்தின் பெயரை அடித்தாள். இரண்டே வரி வந்தது. இதில் மூன்று வகை உத்தரவு உண்டாம்: திருப்பி அனுப்பு, ஒதுக்கி வை, ஒன்றும் செய்யாதே. நம்முடையது என்னவென்று கேட்டேன். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஒண்ணும் செய்யாதன்னு போட்டிருக்குதுங்கக்கா" என்றாள்.

அப்போதுதான் எனக்கு 2022 பொங்கல் ஞாபகம் வந்தது. உனக்கு மறந்திருக்காது. ஆனாலும் எழுதுகிறேன், எழுத்தில் இருக்கட்டும்.

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு நீ 'திருப்பி அனுப்பு' என்று போட்டாய். இனிமேல் நம் பெயரில் ஒரு பயலும் வாலாட்ட முடியாது என்று எனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தாய். போகியன்று தலைவர் தன் பொங்கல் வாழ்த்தை அனுப்பினார். மாலையும் கழுத்துமாகத் தான் நிற்க, பின்னால் இரண்டு கரும்பும் ஒரு பானையும். கடலூரில் மொத்தமாக மெயில் அனுப்பும் கடை வைத்திருக்கும் அவருடைய மருமகன் மூலமாக, கூடத்தின் முகவரி போட்டு, இரண்டாயிரம் பேருக்கு. மருமகனுடைய சர்வர் உன் பட்டியலில் இல்லை. அத்தனையும் திரும்பி வந்தன.

தலைவர் நடையில் நின்று கத்தியது சூளை வரைக்கும் கேட்டது. "என் வாழ்த்தத் திருப்பி அனுப்ப எவன்டா இவனுக்கு அதிகாரம் குடுத்தது?" மருமகன் இரண்டு விவரம் கொடுத்தால் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்று நீ சொல்லிப் பார்த்தாய். மருமகனுக்கு அதற்கு நேரமில்லை. உன் முகம் செத்துப் போயிருந்தது. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். நீ உட்கார்ந்து எதையோ அடித்தாய். என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "தொறந்து வுட்டுட்டேன்க்கா. பொங்கல் கழிச்சு மாத்திடறேன்" என்றாய்.

அதற்குப் பிறகு மூன்று பொங்கல் வந்து போய்விட்டது.

எல்லாவற்றையும் சரியாக அமைத்துவிட்டு வந்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அதை எழுதும்போது உன் கை கூசவில்லையா? அந்தப் பிரசுரத்தில் உன் சிரிப்பைத் திரும்பப் பார்த்தபோது எனக்கு வாந்தியே வந்துவிட்டது. பேச்சுக்குச் சொல்லவில்லை. தமிழினிதான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

அனுசியா


பெருங்களத்தூர்,
3.7.2025

அக்கா,

நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நீங்கள் எழுதியது எல்லாம் உண்மை. பொங்கல் கழித்து மாற்ற நினைத்தேன். சிவராத்திரி வாழ்த்து வருமோ என்று பயந்தேன். பிறகு தமிழ்ப் புத்தாண்டு. பிறகு வேறு வேலை தேட ஆரம்பித்துவிட்டேன், கூடத்து விஷயமே கசந்துவிட்டது. நேர்காணலில், முழுப் பாதுகாப்பு கொண்டு வந்திருக்கிறாயா என்று கேட்டார்கள். ஒரு வாரம் கொண்டு வந்திருந்தேன் இல்லையா, அந்த ஒரு வாரத்தை நினைத்துக்கொண்டு ஆமாம் என்றேன். அதைத்தான் அச்சடித்துவிட்டார்கள்.

இன்னொன்று இருக்கிறது. இதைப் படித்ததும் என்னைக் காறித் துப்புவீர்கள்.

அந்த உத்தரவோடு ஒரு அறிக்கைப் பெட்டியும் வைத்திருந்தேன். நம் பெயர் போட்டு எங்கிருந்து எத்தனை மெயில் வந்தது, சோதனையில் தேறியதா இல்லையா என்று பெரிய மெயில் கம்பெனிகள் தினமும் அந்தப் பெட்டிக்கு அறிக்கை அனுப்பும். ஒன்றும் செய்யாதே என்று போட்டிருந்தாலும் அறிக்கை வரும். நான் விலகி வந்த பிறகு அதை யாரும் திறக்கவில்லை. யாருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே திறந்து பார்த்தேன். மூன்று வருடம் கழித்தும் என் பாஸ்வேர்டு வேலை செய்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் அறிக்கைகள், ஒன்றைக் கூட யாரும் படிக்கவில்லை.

மார்ச் 5ஆம் தேதி வந்த அறிக்கை அதில் இருக்கிறது. முந்தைய நாள் நம் பெயரில் மூன்று மெயில்கள். வந்த சர்வர் நம்முடையது இல்லை. பட்டியல் சோதனையில் தோல்வி, முத்திரைச் சோதனையிலும் தோல்வி. எடுத்த நடவடிக்கை: ஒன்றுமில்லை. அந்த சர்வரின் எண்ணும் இருக்கிறது. ஒப்பந்தக்காரரிடம் உள்ள மெயிலின் உட்தலைப்பிலும், அதாவது அது வந்த வழியைக் குறிக்கும் மறைவான வரிகளிலும், அதே எண்தான் இருக்கும். நீங்கள் அனுப்பவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதைப் பார்த்த பிறகுதான் அக்கா அந்தத் 'தாங்கள்' கடிதத்தை எழுதினேன்.

கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். பிரபாவுக்கு எட்டாவது மாதம். ஒரு வழி சொல்கிறேன். தனித் துண்டுச் சீட்டில் பெட்டியின் பெயரும் பாஸ்வேர்டும் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களே திறந்து, அறிக்கையை எடுத்துக் குழுவிடம் கொடுங்கள். பழைய டைரியில் கிடைத்தது என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

கோகுல்


விருத்தாசலம்,
7.7.2025

கோகுலகிருஷ்ணனுக்கு,

உன் துண்டுச் சீட்டை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். பிரித்துக் கூடப் பார்க்கவில்லை, உள்ளே இருப்பது என்னவென்று கடிதம் சொல்லிவிட்டது.

கொஞ்சம் யோசித்தாயா? மெயிலை அனுப்பிவிட்டு அழித்தவள் என்று என் மேல் குற்றம். நிறுத்தி வைத்திருக்கிற நேரத்தில், அடுத்தவன் பாஸ்வேர்டைப் போட்டு நான் உள்ளே நுழைந்தால் என்ன சொல்வார்கள்? "பாத்தீங்களா, திருட்டுத்தனமா பூந்து புதுசா ஒண்ண செஞ்சு வெச்சிருக்குறா" என்பார்கள். அந்தப் பெட்டியைக் குழுவின் கண் முன்னால், அதை வைத்தவனே திறக்க வேண்டும். உன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கு என்னையே பொய் சொல்லச் சொல்கிறாய். அழுக்கை நீ பூசினாய், கழுவுகிற தண்ணீரையும் என் தலையிலேயே ஊற்றுகிறாய்.

நேற்று கருவேப்பிலங்குறிச்சிக்குப் போனேன். போகக் கூடாது என்று அண்ணன் தடுத்தார். திலீபன் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேம்பு பேசவில்லை, ஆனால் தண்ணீர் கொடுத்தாள். உடைந்து விழுந்த இன்சுலேட்டரில் ஒரு துண்டை அவர் ஜன்னலில் எடுத்து வைத்திருக்கிறார். வாங்கி, உடைந்த பக்கத்தை என் நாக்கில் வைத்தேன். பச்சென்று ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் சூளை வேலை பார்த்த யாரும் சொல்வார்கள், நல்ல பீங்கான் நாக்கில் ஒட்டாது. திலீபன் இடது கையால் அதை வாங்கி, அவரும் நாக்கில் வைத்துப் பார்த்தார். "இதுக்காக ஒரு மிஷினு கூட வேணாமேம்மா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

பிரபாவுக்கு எட்டாவது மாதம் என்பது எனக்கும் கவலைதான். ஆனால் வேம்புவுக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

14ஆம் தேதி காலை பத்தரை மணிக்கு வா. நேரில் வா.

அனுசியா


விருத்தாசலம்,
15.7.2025

கோகுலகிருஷ்ணா,

நேரில் வா என்று எழுதினேன். நீ மெயில் அனுப்பினாய்!

காலையிலிருந்து கூடத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜங்ஷன் பக்கமிருந்து ஒவ்வொரு ஆட்டோ வரும்போதும் நீ இறங்குவாய் என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். குழுவில் மூன்று பேர். அதில் அகல் விளக்கு யூனிட் நடத்தும் ராஜாம்பாள் அம்மாள் பன்னிரண்டு மணிக்குத் தன் போனைப் பார்த்து, "கோகுலகிருஷ்ணன்கிட்டேருந்து மெயில் வந்திருக்குதுங்க, அனுசியா அனுப்பலன்னு எழுதியிருக்காரு" என்றார். எனக்கு உயிர் வந்தது. அரை நிமிடம்தான்.

தலைவர் போனை வாங்கிப் படித்தார். முழுதாகப் படித்தார். அப்புறம் சிரித்தார் பார், அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "யாரு பேர்ல வேணா யாரு வேணா மெயில் அனுப்பலாம்னு இந்தம்மாதானே காலையிலேருந்து சொல்லிக்கிட்டிருக்குது? அப்ப இதையும் இந்தம்மாவே அனுப்பிச்சிருக்கலாமில்ல?" என்றார். ராஜாம்பாள் அம்மாளைத் தவிர மற்ற இருவரும் தலையை ஆட்டினார்கள்.

ஒரு மெயிலை நம்பி என்னை வெளியே நிறுத்தியவர்கள், இன்னொரு மெயிலை நம்பி உள்ளே விட மாட்டார்களாம். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

ராஜாம்பாள் அம்மாள் விடாமல் பேசிக் கடைசியாக ஒரு தவணை வாங்கிக் கொடுத்தார். ஜூலை 28, திங்கள். அன்றைக்கும் முடியாவிட்டால் தீர்ப்பு எனக்கு எதிராகத்தான்.

வெளியே வந்து கை கழுவினேன். மூன்று முறை சோப்புப் போட்டேன். அந்த அறை, அந்தச் சிரிப்பு, உன் மெயில், எல்லாம் என் மேல் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. இதற்கு மேல் உனக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

அனுசியா


பெருங்களத்தூர்,
19.7.2025

அக்கா,

மெயில் அனுப்பினால் போதும் என்று நான் நினைக்கவில்லை. அங்கே வந்து, தலைவர் முன்னால் நின்று, 'அன்றைக்கு நீங்கள் கத்தியதற்குப் பயந்து கதவைத் திறந்து விட்டேன்' என்று அவரிடம் சொல்லும் அந்த நிமிடத்துக்குத்தான் பயந்தேன். தாம்பரம் ஸ்டேஷன் வரை வந்தேன். டிக்கெட் கூட எடுத்தேன். ரயில் போன பிறகு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் அந்த மெயிலை அடித்தேன்.

உங்கள் கடிதத்தைப் பிரபா படித்துவிட்டாள். எல்லாக் கடிதங்களையும் கேட்டு வாங்கி, வரிசையாக வைத்துப் படித்தாள். நான் தட்டில் வைத்த தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நேற்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். பிரசுரத்தில் இருப்பது பொய் என்றேன். அவர் கோபப்படவில்லை. "அந்த வரிய எடுத்துடலாம், வெளியில பேசாத" என்றார். வேண்டாம், நான் 28ஆம் தேதி அதைத்தான் வெளியில் பேசப் போகிறேன் என்று சொன்னேன். வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

நடந்தது முழுவதையும் என் கையால் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. குழுவில் மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன், நான் வராமல் போனாலும் அது வரும். ஆனால் வருவேன். ஞாயிறே வந்து தங்குகிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம் அக்கா.

கோகுல்


விருத்தாசலம்,
24.10.2025

கோகுலுக்கு,

அன்றைக்கு விசாரணை முடிந்ததும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டேன். நீ வாசலில் நின்றதைப் பார்த்தேன். பேசப் பிடிக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். உனக்கு வேறு வேலை கிடைத்ததா? குழந்தை பெண் என்று கேள்விப்பட்டேன். பிரபாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

நீ தலைவர் முகத்தைப் பார்த்து, "உங்க பொங்கல் வாழ்த்துக்காகத் தொறந்து வுட்டேங்க, பயந்துகிட்டு மூடாம போயிட்டேங்க" என்று சொன்னாய். பெட்டியைத் திறந்து மார்ச் 5 அறிக்கையைக் காட்டினாய். ஒப்பந்தக்காரர் கொண்டுவந்திருந்த மெயிலில் அதே எண். ராஜாம்பாள் அம்மாள் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பார்த்தார். நியாயமாக அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

உத்தரவு நகல் ஒரு வாரம் கழித்து வந்தது. "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக ஏற்பட்ட தவறான புரிதல்." என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். கதவைத் திறந்து விட வைத்தவர் பெயர் இல்லை. என்னிடம் வருத்தம் கூட யாரும் சொல்லவில்லை. அந்தச் சான்றிதழ் எங்களுடையது இல்லை என்று திலீபனுக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். கூட்டமைப்பின் பெயர் கெட்டுவிடும் என்றார்கள். கடைசியில் நானே என் கையால் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வேம்பு இரண்டு முறை படித்தாள். மடித்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் டப்பாவில் வைத்தாள்.

ஆகஸ்டில் திலீபனைக் கடலூருக்கு அழைத்துப் போய், சான்றிதழைப் பொய்யாகச் செய்தவன் மேல் சைபர் கிரைமில் புகார் கொடுத்தோம். இடது கையால் கையெழுத்துப் போட வீட்டில் பழகியிருக்கிறார். கைநாட்டு வைத்துக்கொள்ளலாம் என்று அங்கிருந்த ஏட்டு சொன்னார். திலீபன் கேட்கவில்லை. ஏழு பக்கம். வேம்பு தாளைப் பிடித்துக்கொள்ள, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். வேர்த்து, சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. ஆனால் ஏழிலும் போட்டார்.

கூடத்து மெயிலை இப்போது என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், வேறு யாரும் அதைத் தொட விரும்பவில்லை என்பதால். விசாரணையன்று நீ மறுபடி போட்டுவிட்டுப் போன 'திருப்பி அனுப்பு' அப்படியே இருக்கிறது. அறிக்கைகளைத் தினமும் டீ நேரத்தில் பார்க்கிறேன். போன மாதம் கூட எவனோ நம் பெயரில் ஐந்து மெயில் விட்டுப் பார்த்திருக்கிறான். ஐந்தும் திரும்பிப் போய்விட்டன.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தலைவர் வாழ்த்து அனுப்பினார். அதே மருமகன், அதே சர்வர். இரண்டு விவரம் வாங்கிக் கொடுங்கள், பட்டியலில் சேர்த்துவிடுகிறேன் என்று ஆகஸ்டிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொடுக்கவில்லை. 2,311 வாழ்த்துகளும் திரும்பி வந்தன. திரும்பிய பட்டியலைப் பார்த்தேன். ஒப்பந்தக்காரர் கொடுத்த தொழிலாளர் முகவரிகளையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள் போல. அதில் திலீபன் பெயரும் இருந்தது. இந்த மனிதர் மாலையும் கழுத்துமாக அந்த வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லவிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

அரை மணி நேரத்தில் என் மேசைக்கு வந்துவிட்டார். இந்த முறை கத்தவில்லை. "ரெண்டே நாளுக்கு அவுத்து வுடும்மா. வாழ்த்துதானே, யாருக்கு என்ன கெட்டுது?" என்றார்.

மேசை மேல் திலீபன் பிறகு என்னிடம் கொடுத்த அந்த இன்சுலேட்டர் துண்டு இருந்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே சாயத்தில் போட்டு எடுத்தேன். நடு மையம் வரை ரோஜா நிறம். அதைப் பார்த்துக்கொண்டேதான் அவர் பேசினார்.

நான் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்தேன். "தாராளமா வுட்டுடலாங்க. தொறக்கச் சொன்னது நான்தான், இதனால எது நடந்தாலும் நானே பொறுப்புன்னு உங்க கையால எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றேன்.

பேனா மூடியைக் கழற்றி நானே நீட்டினேன். வாங்கினார். தேதி போட்டார். அதற்கு மேல் பேனா நகரவில்லை. தாளைப் பார்த்தார், அந்தத் துண்டைப் பார்த்தார், வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"கை வலிக்குதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அனுசியா